ஜன்னலோரத்துக் கடல்

சகோதரி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். அடுக்கு மாடிக் குடித்தனம், ஏழாவது மாடி. வீட்டுக்காரருக்குக் கடல் மீன் வளர்ப்பதில் திடீர் மோகம். கூடத்தில் பொம்மைகள் வைத்திருந்த ஷோகேஸ் வெளியே போயிற்று; அந்த இடத்தில் நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி வந்தது. உள்ளே பாறைகள், தோல் மாதிரி மடிந்து கிடக்கும் மென்பவளம், விரல்களை ஆட்டுவது போல் ஆடும் கடல் சாமந்தி, அதற்குள் புகுந்து விளையாடும் கோமாளி மீன்கள். பார்க்க வெகு அழகு என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனால் விடியற்காலையில் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறக்கும்போது பார்த்தால், மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றனவாம். விளக்குப் போட்டு இரண்டு மணி நேரம் ஆனதும் ஒன்றுமே நடக்காதது போல் இறங்கிப் போய்விடுகின்றனவாம். இதற்குள் இரண்டு மீன்கள் இறந்துவிட்டன. குழந்தை இரண்டு நாள் சாப்பிடவில்லை. கடைக்காரர், 'நுண்குமிழி யந்திரம் ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால் தொட்டியே ஜொலிக்கும்' என்கிறார். விலை, ஒரு மாத மளிகைச் செலவு. வாங்கலாமா, வேண்டாமா?

ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்தான். ஆனால் அந்த ஒரு வரி புரிய வேண்டுமானால், குமிழி என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்து கொள்ள வேண்டும். அதற்கு நாம் 1846-ஆம் வருஷத்து லண்டனுக்குப் போய் வர வேண்டியிருக்கிறது. பயப்படாதீர்கள், சீக்கிரமே திரும்பிவிடலாம்.

லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தைச் சேர்ந்த ஒரு பாதிரியாரின் மனைவி அன்னா தின் என்பவர். அந்த வருஷம் டார்க்கி என்ற கடற்கரை ஊருக்குப் போனார். அங்கே பாறைகளில் ஒட்டியிருந்த சிறு பவளப் பூச்சிகளைக் கண்டார். மேட்ரிபோர் என்று பெயர். சுண்ணாம்புக் கிண்ணத்துக்குள் உட்கார்ந்துகொண்டு கைகளை விரிக்கும் பிராணி. அம்மையாருக்கு அவற்றை விட்டுப் பிரிய மனமில்லை. லண்டனுக்குக் கொண்டுபோவது எப்படி? வழியில் ஒன்றோடொன்று மோதி உடைந்து போகுமே! வீட்டை நிர்வகிக்கிற பெண்ணுக்குத்தான் அந்த யோசனை தோன்றும்: ஊசியும் நூலும் எடுத்து, பெரிய கடற்பஞ்சு ஒன்றின் மீது அவற்றைத் தைத்துவிட்டார்! பஞ்சோடு சேர்த்துக் கடல் நீர் நிறைந்த ஜாடியில் இறக்கி ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

வந்த பிறகுதான் கஷ்டம் ஆரம்பித்தது. கடல் பிராணிக்குத் தினம் புதுக் கடல் நீர் வேண்டும் என்பது அந்தக் காலத்து அபிப்பிராயம். லண்டனில் கடல் ஏது? கொண்டுவந்த நீரையே திரும்பத் திரும்ப உபயோகித்தாக வேண்டும். அம்மையார் ஒரு வழி கண்டுபிடித்தார். வீட்டில் வேலை செய்த சிறு பெண்ணைக் கூப்பிட்டு, அந்த நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றி மாற்றி ஊற்றச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் அரை மணி, முக்கால் மணி நேரம். அதுவும் எங்கே? திறந்த ஜன்னலுக்கு எதிரே.

நாம் டபராவிலும் தம்ளரிலும் காபியை ஆற்றுகிறோமே, அதே காரியம்தான். காபிக்குச் சூடு தணிய வேண்டும். அந்த நீருக்கு மூச்சு வர வேண்டும். மறு வருஷம் கடற்பாசியும் கொண்டுவந்து சேர்த்தார். அவர் வளர்த்த பிராணிகள் 3 வருஷத்துக்கு மேல் அந்த வீட்டில் இருந்தன. குட்டியும் போட்டுப் பெருகின. லண்டன் மிருகக்காட்சிசாலையில் பொது ஜனங்களுக்காக மீன் காட்சிக் கூடம் திறந்தது 1853-ல்தான். அதற்கு 7 வருஷம் முன்பே, ஒரு வீட்டுக் கூடத்தில் கடல் உயிரோடு இருந்திருக்கிறது. 1859-ல் அன்னா தின் அம்மையாரின் குறிப்புகள் ஒரு விஞ்ஞான சஞ்சிகையில் அச்சாயின. நீர் ஊற்றுவது அலுப்பான வேலைதான், ஆனாலும் என் சின்ன வேலைக்காரிக்கு அது ஒரு விளையாட்டாக இருந்தது என்கிற பாவனையில் அவர் எழுதியிருக்கிறார். அந்தச் சிறுமியைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ! தினம் முக்கால் மணி நேரம் வாளி தூக்கியவளுக்கல்லவா தெரியும், அது விளையாட்டா வேலையா என்று!

இப்போது அந்தச் சிறுமியின் கைக்குப் பதிலாகத்தான் மோட்டாரும் ரப்பர்க் குழாயும் குமிழிக் கல்லும் வந்திருக்கின்றன. மற்றபடி காரியம் அதேதான்.

ஒரு லிட்டர் காற்றில் பிராணவாயு சுமார் 270 மில்லிகிராம் இருக்கிறது. நம் ஊர்ச் சூட்டுக்குக் கொஞ்சம் குறைவாக, 25 டிகிரியில் உள்ள ஒரு லிட்டர் கடல் நீரில் கரைந்திருக்கக் கூடியதோ 7 மில்லிகிராம்கூட இல்லை. காற்றில் இருப்பதில் நாற்பதில் ஒரு பங்கு! அதே சூட்டில் நல்ல தண்ணீரில் 8 மில்லிகிராமுக்குச் சற்று மேலேயே கரையும். உப்பு ஏற ஏறவும், சூடு ஏற ஏறவும் நீருக்குள் பிராணவாயுவுக்கு இடம் குறைந்து போகிறது. ஆகவே தங்க மீன் வளர்க்கிறவர்களுக்கு இருக்கிற சௌகரியம் பவளம் வளர்க்கிறவர்களுக்கு இல்லை. கையிருப்புக் குறைவான குடும்பம்; ஒரு நாள் வரவு நின்றாலும் தெரிந்துவிடும்.

பகலில் அவ்வளவாகத் தெரிவதில்லை. வெப்பக் கடல் பவளங்கள் பெரும்பாலானவற்றின் சதைக்குள்ளே நுண்ணிய பாசி குடியிருக்கிறது. வெளிச்சம் இருக்கும் வரையில் அது கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு பிராணவாயுவைத் தருகிறது. சமைத்ததில் ஒரு பங்கைப் பவளத்துக்கும் கொடுக்கிறது. விளக்கை அணைத்ததும் இந்தச் சமையலறை மூடிவிடும். அதற்கப்புறம் மீன், பவளம், பாசி, பாறையின் பொந்துகளில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் எல்லாமே சாப்பிடுகிறவர்கள்தாம், சமைக்கிறவர் யாருமில்லை. பிராணவாயு குறைந்துகொண்டே வரும். கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும். கரியமில வாயு நீரில் கரைந்தால் அமிலம். தொட்டி நீரின் பி.எச். அளவு மாலையில் 8.3 இருந்தால் விடியற்காலையில் 7.9-க்கு இறங்கியிருப்பது சகஜம். இரண்டுமே மிக மோசமாக இருக்கிற நேரம் விளக்குப் போடுவதற்குச் சற்று முன்பு. நம் சகோதரி பால் எடுக்க வருகிற நேரமும் அதுதான்.

குமிழி விட்டால் என்ன ஆகும்? நீரும் காற்றும் தொட்டுக்கொள்ளும் பரப்பு அதிகமாகிறது. 4 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு குமிழியை 1 மில்லிமீட்டர்க் குமிழிகளாக உடைத்தால் 64 குமிழிகள் கிடைக்கும். காற்று அதே காற்றுதான், தொடும் பரப்பு மட்டும் நாலு மடங்கு. அதோடு, பெரிய குமிழி இரண்டடி நீரை இரண்டு மூன்று விநாடியில் தாண்டி ஓடிவிடும். சிறியது நின்று நிதானமாக வரும். இன்னொரு விசேஷம், உப்பு நீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிவிடுவதில்லை. நல்ல தண்ணீரில் அவை சீக்கிரம் சேர்ந்துவிடும். கடலில் அலை உடைந்ததும் பாலாக வெளுக்கிறது, ஏரியில் அப்படி வெளுப்பதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு உண்மையையும் சொல்ல வேண்டும். சாதாரணக் குமிழிக் கல் செய்கிற நன்மையில் பெரும் பகுதி குமிழிக்குள் நடப்பதல்ல. குமிழிகள் மேலே ஏறும்போது அடி நீரையும் இழுத்துக்கொண்டு ஏறுகின்றன. மூச்சு முட்டிக் கிடந்த அடி நீர் மேலே வந்து, கூடத்துக் காற்றைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. தோசை மாவைக் கரண்டியால் அடியிலிருந்து கிளறிவிடுகிற மாதிரி. இதற்கு யந்திரம் விலை உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை.

இந்தோனேசியாவில் ஜகார்த்தா நகரத்துக்காரர் லீ சின் எங் என்பவர் இதை நிரூபித்துக் காட்டினார். வடிகட்டிகளும் மருந்துகளுமாக மேல் நாட்டார் திண்டாடிக்கொண்டிருந்த காலம் அது. அவர் கடலிலிருந்து நீரைக் கொண்டுவந்தார். புழுவும் பாசியும் பஞ்சும் ஒட்டியிருக்கும் பாறையை அப்படியே கொண்டுவந்தார். அதற்கு 'உயிருள்ள கல்' என்று பெயரும் வைத்தார். சூரிய வெளிச்சம் படும்படி தொட்டியை வைத்து, ஒரு குழாய் வழியாக மெதுவாகக் குமிழி விட்டார். அவ்வளவுதான். வேறு ஜோடனை ஒன்றுமில்லை. பவளமும் சாமந்தியும் அதில் வாழ்ந்தன. 1961-ல் அமெரிக்க மீன் வளர்ப்புப் பத்திரிகை ஒன்றில் அவர் இதை எழுதியபோது நம்பாதவர்களே அதிகம். கிருமிகள் நிறைந்த அந்தக் கல்லே கழிவைச் சுத்தம் செய்கிறது, அந்தக் கிருமிகளுக்கு வேண்டிய மூச்சைக் குமிழி தருகிறது என்பது பிற்பாடு எல்லோருக்கும் புரிந்தது. இன்று உலகம் முழுவதும் பவளத் தொட்டிக்குக் கல்தான் அஸ்திவாரம்.

(நம் நாட்டில் கல்லையும் பவளத்தையும் கடலிலிருந்து எடுத்துவரலாம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தில் புலிக்குச் சமமான அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து வந்தது என்று யாராவது ரகசியமாகக் கொண்டுவந்து நீட்டினால், வாங்குகிறவர்களும் குற்றவாளிகளே.)

குமிழிக்கு இன்னொரு தொழிலும் உண்டு. அது உங்களுக்குத் தெரிந்த சமாசாரம். சர்க்கரைப் பாகு காய்ச்சும்போது ஒரு கரண்டி பால் விடுகிறீர்கள். அழுக்கெல்லாம் நுரையோடு ஒதுங்கி மேலே வருகிறது. கரண்டியால் எடுத்து எறிந்துவிடுகிறீர்கள். மீன் தொட்டியிலும் அப்படியே. தின்னாமல் விட்ட தீனி, மீனின் கழிவு, பவளம் விடும் கோழை இவற்றில் இருக்கும் புரதமும் கொழுப்பும் குமிழியின் மேல் தோலில் போய் ஒட்டிக்கொள்ளும் சுபாவமுடையவை. உயரமான குழாய் ஒன்றில் நுண்ணிய குமிழிகளை விட்டு, நீரை அதன் வழியே செலுத்தினால், மேலே நுரை திரண்டு ஒரு கிண்ணத்தில் வழிகிறது. கஷாயம் போன்ற நிறம். நாற்றத்தைப் பற்றிக் கேட்க வேண்டாம். இது 1960-களில் ஜெர்மனியில் வீட்டுத் தொட்டிகளுக்கு வந்த உபாயம். இங்கே மட்டும் குமிழி எவ்வளவு நுண்மையோ அவ்வளவு நல்லது. அதற்காகவே மரக்கட்டையில் குமிழிக் கல் செய்கிறார்கள். மரத்தின் நரம்புகளின் வழியே காற்றுப் புகையாக வரும். சில வாரங்களில் அடைத்துக்கொள்ளும், மாற்ற வேண்டும். பிற்பாடு ஊசிகள் பதித்த சக்கரத்தால் காற்றைச் சிதற அடிக்கும் பம்புகள் வந்துவிட்டன.

கடைக்காரர் சொல்லும் புது யந்திரம் இந்த நுரைக் கருவி அல்ல. பவளங்கள் இருக்கும் தொட்டிக்குள்ளேயே, இரவில் சில மணி நேரம், பனி மூட்டம் போலக் குமிழிகளைப் பரப்புவது. சமீப காலத்தில் வந்திருக்கும் மோஸ்தர். பவளத்தின் மேல் படிந்த அழுக்கு கிளம்பும், கோழை கழன்றுவிடும், நிறம் கூடும் என்று இதை ஆதரிக்கிறவர்கள் சொல்கிறார்கள்.

அடியோடு தள்ளிவிடக்கூடிய பேச்சல்ல இது. ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத் திட்டிலுள்ள ஹெரான் தீவில் செய்த ஆராய்ச்சி ஒன்று 2004-ல் வெளியாயிற்று. அங்கே நீர் வற்றும்போது வெளியே தெரியும் பவளங்கள் கோழையைச் சுரக்கின்றன. கோழையில் காற்றுக் குமிழிகள் சிக்கிக்கொள்ள, அது மிதந்து நீரில் உள்ள தூசி துகள்களையெல்லாம் வாரிச் சேர்த்துக்கொண்டு, கடைசியில் கனம் தாங்காமல் அடியில் போய் விழுகிறது. அங்கே அது மற்ற ஜந்துக்களுக்கு ஆகாரம். அலை மோதும் திட்டின் விளிம்பில் தினமும் குமிழி மழைதான். அங்கே வளர்கிற கிளைப் பவளம் குமிழியைக் கண்டு பயப்படாது. ஆனால் ஆழத்திலும், அமைதியான உப்பங்கழிகளிலும் வளர்கிற ஜாதிகள் வேறு. இரவெல்லாம் குமிழி வந்து உரசினால் அவை சுருங்கிக்கொள்வதைப் பார்க்கலாம். அப்படிச் சுருங்குவதைப் பார்த்தும் யந்திரத்தை ஓட்டிக்கொண்டிருப்பது சரியல்ல. நிறம் கூடும் என்பது வளர்க்கிறவர்களின் கண் சாட்சி. தராசில் நிறுத்த சாட்சியல்ல. ஒரு மாத மளிகையை அதற்காகக் கொடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே, சகோதரி, யந்திரம் வேண்டாம். மீன்கள் விடியற்காலையில் மட்டும் மேலே வருகின்றன, விளக்குப் போட்டதும் சரியாகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அது மூச்சுக் குறைவு. (பகலிலும் திணறினால் வேறு வியாதி; நீரில் அம்மோனியா ஏறியிருக்கலாம், செவுளில் பூச்சி இருக்கலாம். காற்றால் அது தீராது.) முதல் காரியம், தொட்டியின் மேல் அழுத்தி மூடியிருக்கும் கண்ணாடியை எடுத்துவிடுங்கள்; மீன் துள்ளாமலிருக்க வலை போட்டால் போதும். இரண்டாவது, நீரின் மேல் பாயசத்து ஏடு மாதிரி ஒரு படலம் இருக்கிறதா என்று பாருங்கள். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே சுவரே இல்லாத வீடுகளில் தாளிக்கிற எண்ணெய்ப் புகையும் வந்து படியும். அது நீரின் மூக்கைப் பொத்திவிடும். மூன்றாவது, சாதாரணக் காற்று பம்பும் ஒரு குமிழிக் கல்லும் வாங்கி, இரவு விளக்கு அணைந்ததிலிருந்து காலை வரை ஓட விடுங்கள். பவளங்களுக்கு நேர் கீழே வைக்காமல் ஒரு மூலையில் வையுங்கள். மீன்கள் இறங்கிவிடும்.

இதோடு முடியவில்லை. அன்னா தின் அம்மையார் அந்தச் சிறுமியை எங்கே நிறுத்தினார் என்பதை மறந்துவிடக் கூடாது. கூடத்தில் ஏர்கண்டிஷன் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஜன்னல் எப்போதும் மூடியிருக்கும். மூடிய வீட்டில் பிராணவாயு ஒன்றும் அப்படிக் குறைந்துவிடாது. ஏறுவது கரியமில வாயுதான். வெளிக்காற்றில் பத்து லட்சத்துக்கு 420 பங்கு சொச்சம் இருக்கிற அந்த வாயு, இரண்டு மூன்று பேர் தூங்குகிற மூடிய அறையில் ஆயிரத்தைத் தாண்டுவது சாதாரணம். இந்தக் காற்றை எத்தனை நுண்மையாக இடித்து, பொடித்து, சலித்து விட்டாலும் நீரின் பி.எச். ஏறாது. குமிழி வெறும் தூதுவன். அறையில் இருப்பதைத்தான் கொண்டுபோய்க் கொடுக்கும். பவளம் தன் சுண்ணாம்பு வீட்டைக் கட்ட முடியாமல் தவிப்பதற்கு இதுவே போதும்.

சந்தேகமானால் ஒரு பரீட்சை செய்து பாருங்கள். விடியற்காலையில் இரண்டு சொம்பு தொட்டி நீர் எடுத்து, பி.எச். பார்த்து எழுதி வையுங்கள். ஒரு சொம்பைப் பால்கனியில் வைத்து ஒரு மணி நேரம் குமிழி விடுங்கள். மற்றதைக் கூடத்திலேயே வைத்து அதே மாதிரி செய்யுங்கள். பால்கனிச் சொம்பில் அளவு நன்றாக ஏறி, கூடத்துச் சொம்பில் ஏறவில்லை என்றால் குற்றம் தொட்டியில் இல்லை, அறையில் இருக்கிறது. அப்போது பம்பை ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்து, அது வெளிக்காற்றை இழுக்கும்படி செய்யலாம். நுரைக் கருவி இருந்தால் அதன் காற்றுக் குழாயை நீட்டி ஜன்னலுக்கு வெளியே விட்டாலும் சரி. செலவு சில அடி பிளாஸ்டிக் குழாய்.

வெளிக்காற்றிலும் ஒரு ஆபத்து உண்டு. தெருவில் கொசு மருந்துப் புகை வண்டி வருகிற நாளில் பம்பை நிறுத்திவிடுங்கள், அல்லது குழாயை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் ஏற்றுகிற கொசுவர்த்தியும், சுவரில் செருகுகிற திரவ மருந்தும் அதே சங்கதிதான். கொசுவைக் கொல்லும் அந்த மருந்து இறாலுக்கும் நண்டுக்கும் மகா விஷம், மீனுக்கும் ஆகாது. காற்று பம்பு அதை இழுத்து, தொட்டியில் ஜாக்கிரதையாகக் கரைத்துக் கொடுத்துவிடும். அந்த அறைக்குக் கொசு வலைதான் நல்லது.

பம்பு ஓட ஆரம்பித்ததும் இரண்டு விஷயங்கள் உங்கள் தலையில் வந்து விழும். வீட்டுக்காரர் தலையில் அல்ல, துடைக்கிறவர்கள் தலையில். குமிழி உடையும்போது நுண்ணிய திவலைகள் தெறிக்கும். கடற்கரை வீடுகளில் ஜன்னல் கம்பி துருப்பிடிப்பது இந்தத் திவலைகளால்தான். தொட்டியின் விளிம்பிலும் விளக்கிலும் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும். ஈரத் துணியால் வாரம் இரு முறை துடையுங்கள். மின்சார பிளக் பக்கத்தில் உப்புப் பூத்திருந்தால் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். நீர் மட்டம் குறைவதும் அதிகமாகும். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. ஆகையால் குறைந்ததற்குச் சுத்தமான நல்ல தண்ணீரை ஊற்றுங்கள், உப்பு நீரை அல்ல.

பம்பைத் தரையில் வைக்காதீர்கள். தொட்டி நீரின் மட்டத்துக்கு மேலே ஒரு பலகையில் வையுங்கள். மின்சாரம் நின்றால் நீர் அதே ரப்பர்க் குழாய் வழியாகப் பின்னால் இறங்கி, பம்பையும் கெடுத்து, கூடத்தையும் நனைத்துவிடும். பலகைக்கு இடமில்லை என்றால், நீர் திரும்பாமல் தடுக்கும் சிறு வால்வு ஒன்று கடையில் கிடைக்கும். குழாயின் நடுவே செருகிவிடலாம். அதே கடையில் பாட்டரியில் ஓடும் பம்பு ஒன்றும் வாங்கி அலமாரியில் வைத்திருங்கள். மழைக் காலத்து ராத்திரியில் மின்சாரம் போய் மூன்று நான்கு மணி நேரம் வராவிட்டால் மீன்களுக்கு அதுவே கதி. பாட்டரி தீர்ந்துவிட்டதா? பெரிய சொம்பு ஒன்று எடுத்து, தொட்டி நீரை மொண்டு அரையடி உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுங்கள். கால் மணிக்கு ஒரு தரம் ஐந்து நிமிஷம். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரையும் எழுப்பிவிடுங்கள், தொட்டி அவருடையதல்லவா?